வேப்பம்பூ யார் பக்கம்

அந்த வருஷங்களில் எங்கள் ஜில்லாவில் யாரும் நிம்மதியாக உட்கார்ந்து ஒரு வாய் காபி குடித்ததாக எனக்கு நினைவில்லை. ஆந்திர ராஜ்யம் தனியாகப் பிரிந்துவிட்டது, ஆனால் எல்லை எங்கே என்பது தீரவில்லை. சித்தூர் டவுனில் இரண்டு பேர் சேர்ந்து நின்றால் பேச்சு சுற்றிவளைத்து அங்கேதான் வந்து நிற்கும். எந்தத் தாலுகா யாருக்கு, எந்த ஏரி யாருக்கு, எந்தக் கோயில் முதலில் யாருடையது. மளிகைக்கடையில் துவரம்பருப்பு நிறுக்கிறவர்கூட தராசை அந்தரத்தில் நிறுத்திவிட்டு அதைத்தான் பேசுவார். பருப்புக்காக நிற்கிறவளுக்குக் கால் வலிக்கும்.

எனக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. திருப்பதியில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் டீச்சர். திருச்சானூர் போகிற ரோட்டில் ஒரு வீட்டு மாடியில் குடியிருந்தேன். சனிக்கிழமை மத்தியானம் பஸ் ஏறிச் சித்தூரில் எங்கள் வீடு, திங்கட்கிழமை விடியற்காலையில் பஸ் ஏறித் திருப்பதி. இங்கே இருக்கும்போது அங்கே போகவேண்டும் என்றிருக்கும், அங்கே போனால் இங்கே என்ன நடக்கிறதோ என்றிருக்கும். என் சுபாவமும் அப்படித்தான். ஒரு விஷயம் இன்னது என்று தெரியாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. ஊரே அப்படி இருந்த காலத்தில் என்னை மட்டும் குறை சொல்ல முடியாது.

'இது முதலில் யாருடையது' என்ற அந்தக் கேள்வி கடைசியில் எங்கள் வீட்டுக்குள்ளும் வந்தது. வந்தது ஒரு பிடி வேப்பம்பூவின் பேரில்.

எங்கள் தெரு, மிஷன் ஆஸ்பத்திரியின் பின்சுவரை ஒட்டிப் போகிற கிறிஸ்தவர்கள் தெரு. ஈஸ்டர் அன்று இருட்டோடு எழுந்து, பாடிக்கொண்டே கல்லறைத் தோட்டத்துக்குப் போவோம். அங்கிருந்து கோயில் ஆராதனை. வீட்டுக்கு வந்ததும் வேறு எதையும் வாயில் போடுவதற்கு முன்னால் ஆளுக்கு ஒரு டம்ளர் வேப்பம்பூப் பச்சடி. புதுப்புளியும் வெல்லமும் கரைத்து, மாங்காய் சீவிப்போட்டு, உப்பும் பூவும் சேர்த்து, ரசம் மாதிரி நீர்க்க இருக்கும். அதைக் குடித்த பிறகுதான் ஆட்டுக்கறியும் வர்ண முட்டையும். வேலூர்ப் பக்கத்துச் சொந்தக்காரர்கள் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள். அவர்கள் ஊரில் ஈஸ்டருக்கு இந்தக் கசப்பெல்லாம் கிடையாதாம்.

இதில் ஒரு சட்டம் உண்டு. பூ அவரவர் அம்மாவின் பிறந்த வீட்டிலிருந்து வரவேண்டும். எங்கள் தெருவில் வாசலுக்கு வாசல் வேப்பமரம். பங்குனி, சித்திரையில் நடக்கும்போதே செருப்பில் பூ ஒட்டும். ஆனாலும் அந்த மரத்தில் ஒரு காம்பு கிள்ளக்கூடாது. ஏன் என்று கேட்டால், "அப்டித்தான்" என்பார்கள். பாதி வீடுகளுக்குப் பிறந்த வீடும் கிறிஸ்தவ வீடுதான், அவர்களுக்குச் சிக்கல் இல்லை. மீதி வீடுகளுக்கு, பட்டை நாமமோ விபூதியோ போட்டுக்கொண்டு யாராவது ஒரு மாமன் பூ மூட்டையோடு ஈஸ்டர் அன்று பஸ்ஸில் வந்து இறங்குவார். எங்கள் வீடு அந்த மீதி வீடுகளில் ஒன்று.

அம்மா நகரிப் பக்கத்துக் கிராமத்தில், பயிர் வைக்கிற குடும்பத்தில் பிறந்தவள். அப்பாவும், நாங்கள் நைனா என்போம், அதே ஜனம்தான். கல்யாணம் தாலி கட்டி, தாம்பூலம் மாற்றி, முறைப்படி நடந்தது. அப்புறம் நைனாவுக்கு மிஷன் ஆஸ்பத்திரியில் காம்பவுண்டர் வேலை கிடைத்தது. மருந்து கலக்கிக்கொண்டே வேதமும் படித்தார். ஒரு நாள் ஞானஸ்நானத்துக்குத் தலையைக் குனிந்தார். அம்மாவும் கூடவே குனிந்தாள். "உனக்கு இஷ்டமா என்று கேட்டாரா?" என்று நான் ஒருமுறை கேட்டேன். "அவருதான் எனக்கும் சேர்த்து யோசிச்சுட்டாரே," என்றாள். அதைக் கோபமாகச் சொன்னாளா, சும்மா சொன்னாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அம்மா பிறந்த ஊரில் பெரியவர்கள் கூடினார்கள். இனி அந்த வீட்டோடு சோறு தண்ணீர் புழங்கக்கூடாது என்று தீர்ந்தது. அதன்பிறகு அம்மா அந்த ஊர் எல்லையை மிதிக்கவில்லை. அவளுடைய அப்பா செத்ததே பத்து நாள் கழித்துத்தான் தெரியும். வருஷத்தில் ஒரே ஒரு நாள், ஈஸ்டர் அன்று, அவளுடைய அண்ணன் வருவார். என் மாமா.

துண்டு முனையில் முடிந்த பூவோடு வந்து எங்கள் வாசல் வேப்பமரத்தடியில் ஒரு துவைகல் மேல் உட்காருவார். வீட்டுக்குள் வரமாட்டார். சாப்பிடமாட்டார். அம்மா கையால் ஒரு சொட்டுத் தண்ணீர் வாங்கமாட்டார். தெருமுனை சோடாக்கடையில் மட்டும் கோலி சோடா குடிப்பார். சோடாக்காரன் என்ன ஜாதி, என்ன மதம் என்று அவர் விசாரித்ததில்லை. தங்கச்சி தண்ணீர்தான் தீட்டு, சோடா தீட்டில்லை. சின்ன வயதில் இதைப் பார்த்துப் பார்த்து எனக்கு எரிச்சலாக வரும். ஆனால் அம்மா, அவர் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி வாசற்படியில் உட்கார்ந்து பூவை ஆய்ந்துகொண்டே ஊர்க்கதை கேட்பாள். எந்த மாடு கன்று போட்டது, யார் வீட்டில் பாகப்பிரிவினை. மத்தியான பஸ்ஸுக்கு அவர் போய்விடுவார். அந்த மூன்று மணி நேரத்தை வைத்துக்கொண்டுதான் அம்மா மிச்ச வருஷத்தை ஓட்டினாள்.

நான் சொல்கிற அந்த வருஷம் எங்கள் சபைக்குப் புது ஐயர் வந்தார். எங்களில் போதகரை ஐயர் என்றுதான் கூப்பிடுவோம். தெற்கத்திக்காரர், சின்ன வயசு, நல்ல குரல். நோயாளிகளைப் பார்க்க வெயிலில் நடந்தே போவார். கெட்டவர் என்று யாரும் சொல்லமுடியாது. எங்கள் ஈஸ்டர் பழக்கத்தைப் பற்றி யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தபசு காலத்து ஞாயிறு ஒன்றில் பிரசங்க பீடத்திலிருந்தே சொல்லிவிட்டார். உகாதிக்கும் சித்திரைப் பிறப்புக்கும் புறஜாதியார் செய்கிறதை, ஆண்டவர் உயிர்த்தெழுந்த நாளில் நாம் செய்கிறோம். விக்கிரகம் கும்பிடுகிற வீட்டிலிருந்து பூ வாங்கிச் செய்கிறோம். இந்த வருஷத்திலிருந்து யார் வீட்டில் அது நடக்கிறதோ அவர்களுக்குக் கோயிலில் இராப்போஜனத்து அப்பமும் ரசமும் கிடையாது.

தெரு பற்றிக்கொண்டது.

என் நைனாவுக்கு வாதம் என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். சபைக் கமிட்டியில் அவர் ஒரு மெம்பர். அந்தத் தபசு காலம் முழுக்க, மற்றவர்கள் கறியை விட்டார்கள், நைனா தூக்கத்தை விட்டார். நான் சனிக்கிழமை வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றுவதற்குள் ஆரம்பித்துவிடுவார்.

"முட்டை மட்டும் எந்த வேதத்துல கீது? சொல்லு. நீ டீச்சர் தானே!"

வர்ண முட்டை எங்களுக்கு ஆஸ்பத்திரியின் வெள்ளைக்காரத் துரைசானிகள் பழக்கிவிட்டது. வெங்காயத்தோல் போட்டு வேகவைத்தால் செம்பழுப்பு, மஞ்சள் போட்டால் மஞ்சள். அதை ஐயர் ஒன்றும் சொல்லவில்லை. நைனாவோ ஆஸ்பத்திரியில் கிடந்த ஒரு பழைய சீமைப் பத்திரிகையில், அந்த முட்டை கிறிஸ்துவுக்கு முந்தியது, வடக்குத் தேசத்தில் வசந்தகாலத்துக்கென்று ஒரு தேவதை இருந்தாள், அவளுக்குப் படைத்தது, ஈஸ்டர் என்ற பேரே அவள் பேர்தான் என்று படித்துவிட்டார். இதோடு நிறுத்தியிருந்தால் தேவலை. இன்னொரு பத்திரிகையில் வேறு ஒருவர், அந்தத் தேவதை இருந்ததற்கே சரியான ஆதாரம் கிடையாது, தபசு காலத்தில் அந்தக் காலத்து ஜனங்கள் முட்டை தின்னமாட்டார்கள், சேர்ந்துபோன முட்டையைப் பண்டிகையன்று தின்று தீர்த்தார்கள், அவ்வளவுதான் என்று எழுதியிருந்தார். கோழிக்குத் தபசு காலம் தெரியாது, அது பாட்டுக்கு இட்டுக்கொண்டிருக்கும். எனக்கு இந்த இரண்டாவது ஆள் சொன்னதுதான் பிடித்தது. நைனாவுக்கு முதலாவது. அவருக்குத் தேவதை தேவைப்பட்டாள்.

கமிட்டியிலோ வேறு ஒரு பயம். எங்கள் சபையில் தமிழ் ஆராதனை ஒன்று, தெலுங்கு ஆராதனை ஒன்று. தமிழ்ப் பக்கத்து மெம்பர் ஒருவர், தாலுகா ஆபீஸ் குமாஸ்தா, எழுந்து நின்று சொன்னாராம்: "இது உகாதிலர்ந்து வந்துச்சுன்னு மட்டும் ஒத்துக்காதீங்க. ஒத்துக்கினா நாளைக்கே நம்மள தெலுங்குன்னு எழுதிடுவாங்க." உடனே தெலுங்குப் பக்கத்தில் ஒருவர், சித்திரையிலிருந்து வந்தது என்று எழுதினால் தாங்கள் கையெழுத்துப் போடமாட்டோம் என்று நின்றாராம். பூ ஒன்று, அதை இழுக்க நாலு பக்கம் நாலு கை.

திருப்பதியிலும் எனக்கு விடவில்லை. உகாதி அன்று வீட்டுக்கார அம்மா ஒரு கிண்ணத்தில் பச்சடி கொண்டுவந்து கொடுத்தார். எங்கள் வீட்டிலும் ஈஸ்டருக்கு இது உண்டு என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவர் கண்ணை அகல விரித்து, "ஐயோ, இதி மா உகாதி பச்சடி கதண்டீ! மீக்கு எக்கடிதி?" என்று சிரித்தார். எங்களுடையதாயிற்றே, உங்களுக்கு எங்கிருந்து வந்தது என்கிறார். கூட வேலை செய்கிற தமிழ் டீச்சரிடம் சொன்னேன். "அவங்க இன்னாத்தக் கண்டாங்க, அது நம்ம வருஷப்பொறப்பு," என்றாள். அன்று ராத்திரி எனக்கு அந்தக் கிண்ணத்தைப் பார்க்கவே கோபமாக வந்தது. எல்லாரும் அவரவருடையது என்கிறார்கள். அப்படியென்றால் எங்களுக்கென்று ஒரு பிடி பூகூட இல்லையா?

குருத்தோலை ஞாயிறன்று கூடின கமிட்டியில் நைனா ஜெயித்துவிட்டார்.

நான் பெரிய வெள்ளிக்கு ஊருக்கு வந்தபோது அவர் முகம் அப்படி மின்னியது. துக்க நாள் என்பதற்காகக் கஷ்டப்பட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். ஆராதனை முடிந்து வந்ததும் என்னையும் அம்மாவையும் உட்காரவைத்துச் சொன்னார். யூதர் தங்கள் பஸ்கா பண்டிகையில் ஆட்டுக்குட்டியோடு கசப்பான கீரை தின்னவேண்டும் என்று வேதத்திலேயே இருக்கிறது. இந்த ஊருக்கு முதல்முதலில் வந்த துரைசானி அதைப் படித்துக்காட்டி, இங்கே கசப்புக்கு என்ன இருக்கிறது என்று கேட்டாள். அப்போதிருந்த நாலைந்து கிறிஸ்தவக் குடும்பங்கள் வேப்பம்பூவைக் காட்டின. "சரி, அதையே துன்னுங்க" என்று சொல்லிவிட்டாள். அங்கே ஆரம்பித்ததுதான் இது. உகாதியும் இல்லை, சித்திரையும் இல்லை. சுத்தமான வேதம்.

"இதை யார் சொன்னாங்க உங்களுக்கு?" என்று கேட்டேன்.

"ஆஸ்பத்திரில ஒரு பழைய ஆளு சொல்லிக்கினு இருந்தாரு. நீ பொறக்கறதுக்கு முந்தி."

அந்தப் பழைய ஆளின் பேர் கடைசிவரை கிடைக்கவில்லை. ஆனால் கமிட்டி அசந்துபோய்விட்டது. ஐயரே எழுந்து வந்து நைனாவின் கையைப் பிடித்துக்கொண்டாராம். தாம் அவசரப்பட்டுவிட்டதாகச் சொன்னாராம்.

"இனிமே அது பஸ்காக் கசப்பு. ஐயரே பேரு வச்சாரு. கோயில் காம்பவுண்டு மரத்துப் பூ பறிச்சு, மாதர் சங்கத்துப் பொம்பளைங்க கோயில்லயே கரைச்சு, ஜெபம் பண்ணி, வூட்டுக்கு வூடு அவரே கொண்டாந்து குடுப்பாரு. இன்னா மரியாதை பாரு!"

அம்மா அதுவரை முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்போ எங்கண்ணன் கொண்டார்றது?" என்றாள்.

உலகத்தில் உள்ள எல்லா ஆட்சேபணைக்கும் பதில் தயார் செய்து வைத்திருந்த நைனா, இந்த ஒன்றை யோசிக்கவே இல்லை. "வரட்டும், வந்து பாத்துட்டுப் போவட்டும். யாரு வேணான்னா?" என்றார். அம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். எனக்கு நைனாவை உலுக்க வேண்டும் போலிருந்தது. பூ இல்லாமல் மாமா எதைச் சாக்கு வைத்து வருவார்? ஊரில் என்ன சொல்லிக்கொண்டு கிளம்புவார்?

மறுநாள் முழுக்க நான் வீட்டுக்கும் வாசலுக்கும் நடந்தேன். மாமாவுக்கு ஆள் விட்டு, இந்த வருஷம் வரவேண்டாம் என்று சொல்லிவிடலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். "வாய மூடு," என்றாள். அம்மா அப்படிப் பேசுகிறவள் இல்லை.

ஈஸ்டர் விடிந்தது. கல்லறைத் தோட்டத்தில் எல்லாரும் சந்தோஷமாகப் பாடினார்கள். எனக்குப் பாட்டில் மனசு நிற்கவில்லை. ஆராதனை முடிந்த கையோடு, யாரிடமும் சொல்லாமல் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். மாமா வீட்டுக்கு வருவதற்குள் வழியிலேயே விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்று நினைப்பு.

புத்தூர் பஸ்ஸிலிருந்து மாமா இறங்கினார். அதே நாலுமுழ வேட்டி, துண்டு முனையில் அதே முடிச்சு. என்னைப் பார்த்ததும் அவருக்கு ஒரே ஆச்சரியம்.

"இன்னா கண்ணு, நீ வந்துகீற? அம்மாக்கு ஒடம்பு சரியில்லியா?"

"அதெல்லாம் இல்லை மாமா. சும்மா வந்தேன்."

நடந்தோம். நான் எப்படி ஆரம்பிப்பது என்று வார்த்தை தேடிக்கொண்டிருக்கையில் அவர் எல்லைக் கதையை எடுத்துவிட்டார். யாரோ நாலு பேர் ஊருக்கு வந்து வீடு வீடாக என்ன பாஷை பேசுகிறாய் என்று கேட்டார்களாம். "மாட்டாண்ட தெலுங்கு, பொண்டாட்டியாண்ட தமிழ்னு சொன்னேன். ரெண்டுல ஒண்ணு சொல்லுன்னாங்க. மாட்ட விட்றதா, பொண்டாட்டிய விட்றதான்னு கேட்டேன். எழுதிக்காமயே பூட்டாங்க." தானே சொல்லித் தானே சிரித்தார். பிறகு துண்டு முடிச்சைத் தொட்டுக் காட்டி, "இந்த வருசம் பூ ஜாஸ்தி கண்ணு. ராத்திரியே மரத்தடில வேட்டி விரிச்சுட்டேன், மண்ணே படல," என்றார். சொல்ல வந்ததை விட்டுவிட்டு, பஸ்ஸில் கூட்டமா என்று கேட்டுக்கொண்டே வீடு வரை நடந்தேன்.

மாமா துவைகல்லில் உட்கார்ந்தார். அம்மா வாசற்படிக்கு வந்தாள். முடிச்சை அவிழ்த்து முறத்தில் கொட்டினார். வெள்ளை வெளேரென்று வாசனையோடு விழுந்தது. அம்மா கையை வைக்கப்போகிற நேரம் பார்த்துத் தெருவில் ஐயர் வந்தார். பின்னால் கோயில் ஆள் ஒரு பித்தளைத் தூக்கைச் சுமந்துகொண்டு வந்தான். நைனா வீட்டுக்குள்ளிருந்து நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

ஐயர் உட்காரவில்லை. எல்லாருக்கும் பண்டிகை வாழ்த்துச் சொன்னார். எங்கள் டம்ளர்களில் தூக்கிலிருந்து ஊற்றச் சொன்னார். மரத்தடியில் இருந்த மாமாவையும் பார்த்தார். "பெரியவருக்கும் ஒரு டம்ளர் கொடுங்க. இன்னைக்கு எல்லாருக்கும் சந்தோஷமான நாள்," என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

மாமா எழுந்து நின்றுவிட்டார். "இன்னாது இது?" என்று நைனாவைக் கேட்டார்.

"வேப்பம்பூப் பச்சடி தான் மச்சான். எங்க வேதத்துல சொன்ன கசப்பு. இப்ப கோயில்லயே செய்யறாங்க."

"அப்போ நான் இத்தினி வருசமா கொண்டாந்தது?"

"அதுவும் இதானே!" என்றார் நைனா. அந்த நிமிஷத்தில்கூட அவருக்கு வாதம் ஜெயித்த ருசி போகவில்லை. "துரைசானி காலத்துலர்ந்து இது எங்க சாமி காரியம் தான். கமிட்டிலயே தீர்ந்துபோச்சு."

ஐயர் முறத்தைப் பார்த்துவிட்டார். "அந்தப் பூ எதுக்கு? கோயில்லேருந்துதானே வரணும்னு பேசினோம்," என்று மெதுவாகக் கேட்டார்.

மாமா துண்டை உதறித் தோளில் போட்டார். அவர் குரல் உயரவில்லை.

"மாப்பிள, நான் உங்க சாமிக்கு எதுவும் கொண்டார்ல. எங்க சாமிக்கும் இல்ல. என் தங்கச்சிக்கு மருந்து கொண்டாந்தேன். சோறு தண்ணி புழங்கக்கூடாதுன்னு ஊர்ல சொன்னாங்க. மருந்துக்குத் தீட்டு இல்ல, அதுக்குக் கட்டுப்பாடும் இல்ல. தங்கச்சிக்கு வவுத்து நோவு, பூ குடுத்துட்டு வரேன்னு சொல்லிட்டுதான் வருசா வருசம் பஸ் ஏறுறேன். அவங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒருத்தரும் ஒண்ணும் கேக்கமாட்டாங்க. இப்ப இது உங்க பிரசாதம்னு ஆயிப்போச்சு. நாளைக்கு எங்க ஊர்ல தெரிஞ்சா நான் இன்னா சொல்லிக்கினு வருவேன்?"

பூ ஏன் பிறந்த வீட்டிலிருந்தே வரவேண்டும் என்று நான் எத்தனை பேரைக் கேட்டிருக்கிறேன்! ஒருவேளை மற்ற வீடுகளுக்கும் இதேதான் காரணமோ, இல்லை எங்கள் வீட்டுக்கு மட்டும்தானோ, எனக்குத் தெரியாது. சட்டம் முதலில் தெருவில் பிறந்ததா, சாக்கு முதலில் ஊரில் பிறந்ததா என்றும் தெரியாது. அப்போது அதையெல்லாம் யோசிக்க நேரமும் இல்லை. மாமா செருப்பில் காலை நுழைத்துக்கொண்டிருந்தார். அவர் அந்தத் தெருவைத் தாண்டினால் இனி வரமாட்டார் என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் புரிந்தது.

அம்மா முறத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் இறங்கினாள். ஐயரைத் தாண்டி வந்து நைனாவின் எதிரில் நின்றாள்.

"இன்னாங்க. இத்தினி வருசம் ஆஸ்பத்திரில மருந்து கலக்கிக் குடுக்கறீங்களே. வேப்பம்பூ மருந்தா, வேதமா? அத மட்டும் சொல்லுங்க."

நைனா ஐயரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள், கமிட்டியில் பேசிய அந்தத் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா உள்பட, டம்ளரும் கையுமாக அவரவர் வாசலில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். தபசு காலம் முழுக்கத் தூக்கம் விட்டு ஜெயித்த வழக்கு அது. அவர் தொண்டையைக் கனைத்தார். அம்மா அசையவில்லை. அம்மாவுக்கும் சேர்த்து யோசித்தே பழகிய மனிதர், அன்று அவள் முகத்தைப் பார்த்து யோசித்தார்.

"மருந்துதான்," என்றார். "வவுத்துப் பூச்சிக்கு. பித்தத்துக்கு."

"அப்ப வேதத்துல சொன்னது, ஐயா?" என்று கேட்டார் ஐயர்.

"அது வேற ஏதாவது கீரையா இருக்கும், ஐயரே. யோசிச்சுப் பாத்தா... அந்த தேசத்துல வேப்பமரம் ஏது?"

எதிர்வீட்டில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நைனாவின் காது சிவந்துபோனது. எனக்கு ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அத்தனை வருஷத்தில் அவர் தோற்று நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அவர் எவ்வளவு பெரிய மனிதர் என்று தெரிந்ததும் அன்றைக்குத்தான்.

ஐயர் மாமாவின் செருப்பைப் பார்த்தார், அம்மாவின் முறத்தைப் பார்த்தார். "மருந்துன்னா நான் அதுக்காக ஜெபம்தான் பண்ணமுடியும். தடை சொல்ல முடியாது," என்றார். கோயில் ஆளைக் கூட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார். போகும்போது மாமாவைப் பார்த்துக் கை கூப்பினார். மாமாவும் கூப்பினார்.

அம்மா உள்ளே போனாள். அம்மியில் எதையோ தட்டும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில், "அந்த அவுன்ஸ் கிளாஸக் கொண்டாங்க," என்று குரல் வந்தது. வீட்டில் எங்களுக்கு மருந்து அளந்து கொடுக்க நைனா வைத்திருந்தது அது. விளிம்பு கொஞ்சம் உடைந்திருக்கும், பக்கத்தில் அளவுக்கோடு போட்டிருக்கும். நைனா அலமாரியிலிருந்து எடுத்து, அதை வெந்நீரில் கழுவி, துடைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

அம்மா அந்தக் கிளாஸில் பச்சடியை ஊற்றிக்கொண்டு வெளியே வந்தாள். எங்கள் யாருக்கும் கொடுக்கவில்லை. நேராக வேப்பமரத்தடிக்குப் போய் மாமாவிடம் நீட்டினாள்.

"மருந்துண்ணா. குடி."

மாமா அதைப் பார்த்தார். தெருவை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒரு தடவை பார்த்தார். நான் பிறந்ததிலிருந்து அவர் அம்மா கையால் எதையும் வாங்கி நான் பார்த்ததில்லை. அம்மாவின் கை நீட்டியது நீட்டியபடி இருந்தது.

"மருந்துக்குத் தீட்டு இல்லன்னு நீதானே சொன்ன?" என்றாள்.

மாமா வாங்கினார். அண்ணாந்து, உதட்டில் படாமல் முழுவதையும் ஊற்றிக்கொண்டார். முகத்தைச் சுளித்தார். கசப்புக்குச் சுளித்தாரோ, வேறு எதற்கோ, துண்டை எடுத்துக் கண்ணையும் வாயையும் சேர்த்தே துடைத்துக்கொண்டார்.

"வெல்லம் பத்தல," என்றார்.

வாசற்படியில் நின்ற நைனா அவரைப் பார்த்து, ஆஸ்பத்திரி ஜன்னலுக்குப் பின்னால் நின்று நோயாளிகளிடம் பேசுகிற அதே குரலில் சொன்னார்:

"ஒரு வேளைக்குக் கேக்காது மச்சான். மூணு வேளை குடிக்கணும்."

மாமா செருப்பைக் கழற்றி மரத்தடியில் ஓரமாக வைத்துவிட்டு, மறுபடியும் துவைகல்லில் உட்கார்ந்தார். அன்று அவர் மத்தியான பஸ்ஸுக்குப் போகவில்லை. சாயங்காலம், மூன்றாவது வேளையையும் அம்மா கையால் வாங்கிக் குடித்துவிட்டு, கடைசி பஸ்ஸுக்குத்தான் போனார்.